தகவல் சொன்ன மகன்

சேரன்மகாதேவி
கீலக வருஷம் வைகாசி 12 (1908 மே 25)

சிரஞ்சீவி பாபநாசத்துக்கு மாமா ஐயம்பெருமாள் பிள்ளை ஆசீர்வாதம் செய்து எழுதியது. நான் பொங்குகிறேன், சாப்பிடுகிறேன், ஆற்றுக்குப் போய் வருகிறேன். அதற்கு மேல் சுகம் விசாரிக்க இங்கே ஆள் கிடையாது. மொரீசுத் தீவுத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, துணிக்கடை முதலாளி எப்படி என்று எழுது. ராதாபுரத்தில் உன் அம்மா உலகம்மாளுக்கு முழங்கால் வலி. மற்றபடி சுகம்.

உன் ஆச்சி தை மாதம் தவறிப்போன செய்தியை எழுதினேன். நடந்ததை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பங்குத் தகராறில் என் அப்பா நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்பு, துன்மதி வருஷம், வீட்டை விட்டு இறங்கி மொரீசுக்குக் கப்பல் ஏறினார். எனக்கு அப்போது ஆறு வயது. உன் அம்மா ஆச்சி வயிற்றில் இருந்ததை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. போனவர் போனவர்தான். பன்னிரண்டு வருஷம் ஆனதும், அவர் செத்ததாக வைத்துத் தர்ப்பையில் உருவம் செய்து கொளுத்தி, தாலியை வாங்கிவிட வேண்டும் என்று பங்காளிகள் வந்து நின்றார்கள். ஆச்சி கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசி வரை தாலியோடும் குங்குமத்தோடும் இருந்தாள்.

அவள் செத்த அன்று என் சித்தப்பா மகன் கோமதிநாயகம் வாசலில் நின்று, "தாலியை எடுத்தாத்தான் பாடையில கை வைப்போம்" என்று சொன்னான். நான் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டச் சொல்லி, குங்குமத்தை என் கையாலேயே வைத்தேன். ஒரு பங்காளியும் வாய்க்கரிசி போடவில்லை. கூலி ஆட்கள் தூக்கினார்கள். அன்று முதல் இந்தத் தெருவில் எனக்கு யார் வீட்டுத் தாம்பூலமும் வருவதில்லை.

வருஷம் முடிந்து வருகிற தையில் அவளுக்குத் தலைத்திவசம். அதற்குள் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். என் தாய் செத்த அன்று என் தகப்பனார் உயிரோடு இருந்தாரா, இல்லையா? அந்தத் தீவில் பிறப்பும் சாவும் சர்க்கார் கச்சேரியில் எழுதி வைக்கிறார்கள் என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய். போய்த் தேடு. அவர் பெயர் திருஞானசம்பந்தம். அவருடைய தகப்பனார் பெயர், என் பெயர்தான், ஐயம்பெருமாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா ஐயம்பெருமாள் பிள்ளை


போர்ட் லூயி, மொரீசு
1908 ஜூலை 9

மாமா அவர்கள் பாதங்களுக்குப் பாபநாசம் நமஸ்காரம். இங்கே நான் சுகம். குளிர்காலம் என்கிறார்கள், நம்மூர் மார்கழி அளவுகூட இல்லை. தங்கள் சுகத்தையும் அம்மா முழங்காலையும் பற்றி எழுதவும். ஆச்சிக்கு நடந்ததைப் படித்து அன்று கடையில் எனக்கு வேலை ஓடவில்லை.

கூலிக்கு வந்தவர்களின் பதிவில் தாத்தா இருக்கிறார். திருஞானசம்பந்தம், தகப்பன் ஐயம்பெருமாள், ஊர் சேரன்மகாதேவி. வடக்கே ஒரு கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். அந்த எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இனி சாவுப் பதிவுதான். இங்கே யார் செத்தாலும் ஒருவர் கச்சேரிக்குப் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னவர் பெயர், வயது, என்ன உறவு என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்வார்கள். முதலாளி எனக்குச் சனிக்கிழமை மத்தியானம்தான் ஓய்வு தருகிறார். வந்த வருஷத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். மலேரியாக் காய்ச்சலில் ஆயிரக்கணக்காகச் செத்த வருஷங்கள் இருக்கின்றன. இதுவரை இல்லை.

தங்கள் மருமகன்
பாபநாசம்


சேரன்மகாதேவி
ஆவணி 3 (1908 ஆகஸ்ட் 18)

சிரஞ்சீவி பாபநாசத்துக்கு ஆசீர்வாதம். மழை சுகமாகப் பெய்து ஆறு நிறைந்து போகிறது. என் சுகம் உன் கையில் இருக்கிறது.

நீ தேடுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வந்த வருஷத்திலிருந்து ஏன் பார்க்கிறாய்? அவர் எப்போதோ செத்திருப்பார் என்று நீயும் முடிவு கட்டிவிட்டாய். கோமதிநாயகமும் அதைத்தான் சொல்கிறான். கப்பலேறிப் போய் அவன் கட்சியில் சேர்ந்துகொண்டாயா?

இந்த வருஷத்தில் தொடங்கிப் பின்னால் போ. என் தாய் நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்த மனுஷன் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னாள். அவள் சொன்ன பக்கமிருந்து தேடு.

கோவில் வாசலில் நேற்று கோமதிநாயகம் என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, பெரியப்பா தந்தி அடிச்சாவளா?" என்று கேட்டான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். பதிலை நீதான் அனுப்ப வேண்டும்.

ஐயம்பெருமாள் பிள்ளை


போர்ட் லூயி
1908 அக்டோபர் 4

மாமா அவர்களுக்கு நமஸ்காரம். நான் சுகம். தாங்களும் சுகமாக இருக்கத் திருப்புடைமருதூர் நாறும்பூநாதரை வேண்டுகிறேன்.

கடையில் புதுச் சரக்கு வந்திருக்கிறது. நம் சுங்கடிச் சேலைகளை இந்த ஊர்ப் பெண்கள் ஆசையாக வாங்குகிறார்கள். முதலாளி தீபாவளிக்குப் பிறகு இன்னொரு கடை திறக்கப்போகிறார். அங்கே கணக்கு எழுத என்னைப் போடுவதாகப் பேச்சு. போன வாரம் பெரிய காற்று அடித்துத் துறைமுகத்தில் இரண்டு படகுகள் கவிழ்ந்தன. சமையலுக்கு ஒரு திருச்சிக்காரர் கிடைத்திருக்கிறார். அவர் வைக்கிற குழம்பில் புளியே இருப்பதில்லை.

தாங்கள் சொன்னபடி பார்த்தேன். தாத்தா இந்த வருஷம் மார்ச் 12, வியாழக்கிழமை தவறியிருக்கிறார். மாசி வளர்பிறை தசமியாக இருக்கலாம், பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளவும். ஆச்சி தையிலேயே போய்விட்டாள். ஆகவே ஆச்சி சுமங்கலியாகத்தான் போனாள்.

தலைத்திவசத்துக்கு இந்தத் தேதி போதும் என்று நினைக்கிறேன்.

பாபநாசம்


சேரன்மகாதேவி
ஐப்பசி 22 (1908 நவம்பர் 6)

சிரஞ்சீவி பாபநாசத்துக்கு ஆசீர்வாதம். கடிதம் வந்த அன்றே ஆற்றில் தலைமுழுகினேன். ஐயர் சொன்னபடி தகப்பனாருக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். தனியாகத்தான் செய்தேன். ஈர வேட்டியோடு திரும்பி வருகிறபோது அழுதேனா, சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. அம்மா முந்தி, அவர் பிந்தி. நான் வைத்த குங்குமம் சரி.

தேதி போதும் என்கிறாய். யாருக்குப் போதும்? நீ என் மருமகன். உன் கையெழுத்தை நானே எழுதிக்கொண்டேன் என்று கோமதிநாயகம் சொல்லமாட்டானா? கச்சேரி முத்திரை போட்ட நகல் வேண்டும். ஓர் எழுத்து விடாமல் வேண்டும். இங்கிலீஷில் இருந்தால் பயமில்லை. அவன் என்மேல் போட்ட வழக்குக் காகிதங்களை வாசிப்பதற்காகவே நாற்பது வயதில் யாரிடமும் போகாமல் கற்றுக்கொண்டவன் நான்.

இன்னொன்று. சேலைக்கும் புளிக்கும் காற்றுக்கும் ஒரு பக்கம் எழுதினாய். என் தகப்பனாருக்கு நாலு வரி. அவர் யாரோடு இருந்தார்? என்ன நோய்? கொள்ளி வைத்தது யார்? பக்கத்து வீட்டாரா, தோட்டத்து ஆட்களா? மூத்த மகன் நான் இங்கே குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். என் வேலையை அங்கே யார் செய்தது?

இவற்றுக்குப் பதில் இல்லாமல் கடிதம் எழுதாதே.

ஐயம்பெருமாள் பிள்ளை


போர்ட் லூயி
1908 டிசம்பர் 8

மாமா அவர்கள் பாதங்களுக்கு அநேக நமஸ்காரம். நான் சுகம். தாங்கள் இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது பிரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளே இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். இரண்டிலும் கச்சேரி முத்திரை இருக்கிறது. சின்னதில் தாத்தா பெயர், ஊர், இறந்த தேதி மட்டும் இருக்கும். பெரியது முழு நகல். தாங்கள் கேட்டதால் அனுப்புகிறேன். சபையில் சின்னதைக் காட்டினால் போதும். பெரியதை ஒரு தடவை வாசித்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

கேட்ட கேள்விகளுக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. என் பேனாவால் எழுத எனக்கு வரவில்லை. மன்னிக்கவும்.

பாபநாசம்


சேரன்மகாதேவி
மாசி 4 (1909 பிப்ரவரி 15)

சிரஞ்சீவி பாபநாசத்துக்கு ஆசீர்வாதம். தலைத்திவசம் முடிந்தது. உன் அம்மா வந்திருந்தாள்.

பெரிய காகிதத்தைப் பத்து நாள் முன்பே வாசித்துவிட்டேன். முதலில் எனக்குத்தான் இங்கிலீஷ் பிசகிவிட்டது என்று நினைத்தேன். திரும்ப வாசித்தேன். பிசகவில்லை.

காகிதம் வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியதால் பங்காளிகள் எல்லாரும் வந்தார்கள். நான் வாசித்தால் ஏமாற்றிவிடுவேன் என்று கோமதிநாயகம் மிஷன் பள்ளிக்கூடத்து இஸ்ரவேல் வாத்தியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். நான் பெரியதையே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பாதிக் காகிதத்தைக் காட்ட நான் பாதி மனுஷன் இல்லை.

அவர் தேதியை வாசித்தார். கோமதிநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிமிஷத்துக்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன். வாத்தியார் அத்தோடு நிறுத்தாமல் மேலே வாசித்தார்.

"தகவல் சொன்னவர், ஐயம்பெருமாள். வயது இருபத்தொன்பது. இறந்தவருடைய மகன்."

கோமதிநாயகம் தலையை நிமிர்த்தினான். "அண்ணாச்சி, நீரு எப்பம் கப்பல் ஏறினீரு? ஒரு வார்த்தை சொல்லிருந்தா தூத்துக்குடி வரைக்கும் வந்து வழியனுப்பிருப்பம்லா!"

"வயசு இருபத்தொம்பதாம் வே," என்றான் இன்னொருவன். "கடக்காத்து பட்டா வயசு கொறையும் போல. நானும் ஒருக்க போயிட்டு வாரேன்."

பெண்கள் பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது. கோமதிநாயகம் எழுந்துவிட்டான். "கள்ளக் காயிதம். கள்ளம் பண்ணுதவன் தன் பேரையே போட்டு மாட்டிக்கிட்டான். எந்திரிங்க, போவோம்."

அப்போது அந்தச் சின்னக் காகிதம் என் மடியில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"சிரிச்சு முடிச்சாச்சால?" என்று கேட்டேன். "அது நான் இல்ல. என் தம்பி. எங்க அப்பா அங்கன ஒரு குடும்பம் வச்சிருந்திருக்காவ. எனக்கு வச்ச பேரையே அவனுக்கும் வச்சிருக்காவ. போதுமா? இப்பம் இலையில உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். கோமதிநாயகமும் உட்கார்ந்தான். சாம்பார் வேண்டும், ரசம் வேண்டும் என்பதைத் தவிர ஒரு பேச்சு இல்லை. உன் ஆச்சி சுமங்கலியாகப் போனாள் என்று இந்தத் தெரு ஒத்துக்கொண்டது. போகிறபோது யாரும் என் பேரைச் சொல்லி விடைபெறவில்லை; அந்தப் பேர் அங்கே வேறொருவனுக்குப் போய்விட்டதே.

உனக்கு வழக்கம் தெரியும். மூத்த மகனுக்குத் தாத்தா பேர். அவன் உயிரோடு இருக்கும்போது அந்தப் பேரை இன்னொரு மகனுக்கு வைக்கிற வழக்கம் நம்மில் கிடையாது. மூத்தவன் செத்தால் வைப்பார்கள். இல்லை, ஒழிந்தான் என்று தலைமுழுகினால் வைப்பார்கள். நான் செத்தேனா, ஒழிந்தேனா? அந்த மகனைப் போய்ப் பார்த்து, கேட்டு எழுது. எனக்காக நீ வார்த்தையை மெதுவாக்கிக் கேட்கக் கூடாது. அவன் சொன்னதை நீ மாற்றியும் எழுதக் கூடாது.

ஐயம்பெருமாள் பிள்ளை


சேரன்மகாதேவி
சௌமிய வருஷம் சித்திரை 20 (1909 மே 3)

பாபநாசத்துக்கு ஆசீர்வாதம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ சுகமா? வேலையில் ஏதாவது தொந்தரவா? கையெழுத்துக் கோணலாக இருப்பதற்குப் பேனா முள்தான் காரணம். உன் அம்மா வந்து ஒரு மாதமாக இங்கேயே இருக்கிறாள். போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறாள். கஞ்சி வைத்துத் தருகிறாள்.

பதில் நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் எழுது.

ஐயம்பெருமாள்


போர்ட் லூயி
1909 ஜூன் 6

மாமா அவர்கள் பாதங்களுக்கு நமஸ்காரம். அம்மா தங்களோடு இருப்பது எனக்கு ஆறுதல். உடம்புக்கு என்ன என்று தாங்கள் எழுதமாட்டீர்கள். அம்மாவை எழுதச் சொல்லவும்.

தாமதித்தது என் கோழைத்தனம். மூன்று முறை ரயில் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் போனேன்.

அவர் கரும்பு ஏற்றும் மாட்டுவண்டி ஓட்டுகிறார். தங்களைப் போலவே நெற்றி. மனைவி, பிள்ளைகளோடு இந்த ஊர்க் கிரியோல் பாஷைதான் பேசுகிறார். தமிழ் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் தெரிந்த தமிழ் முழுதும் தாத்தாவுடையது. என்னைப் பார்த்ததும், "பைய வாரும், படியில வழுக்கும்" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் சேரன்மகாதேவியில் நிற்கிறது போல இருந்தது.

தாங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அவர் திகைத்துப் போய், "அண்ணன் பஞ்சத்துலயே செத்துட்டாம்லா?" என்றார்.

தாத்தா வந்து பதினைந்து வருஷம் கழித்து, தாது வருஷப் பஞ்சத்தில் நம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த ஒருவன், சேரன்மகாதேவி வீடு பூட்டிக் கிடக்கிறது, அதில் இருந்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை என்று தாத்தாவிடம் சொன்னானாம். அதற்குப் பிறகுதான் இங்கே கல்யாணம். கல்யாணப் பதிவையும் பார்த்தேன். மனைவியை இழந்தவர் என்றுதான் எழுதியிருக்கிறது. வீடு பூட்டிக் கிடந்தது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று சொன்னார். மாற்றாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

வீட்டில் இறந்து போனவர்களுக்கு நாம் புதுத்துணி வைத்துப் படைப்போமே, அதைத் தாத்தா ஒவ்வொரு வருஷமும் தை பிறப்பதற்கு முந்தின நாள் செய்வாராம். விளக்குக்கு முன்னால் ஆச்சிக்கு ஒரு சிவப்புச் சேலை. பக்கத்தில் சின்னப் பையன் கட்டுகிற வேட்டி ஒன்று, தங்களுக்கு. மறுநாள் அந்த வேட்டியைத் தங்கள் தம்பிக்குக் கட்டிவிடுவார்.

"எனக்கு வளர வளர அது காணாது," என்றார் அவர். "பெரிசா வாங்கும்யான்னு அழுவேன். 'ஏலே, அவன் அளவு அதுதாம்லே'ன்னு சொல்லிருவாவ. எனக்கு மீசை மொளச்ச பொறவும் அதே சின்ன வேட்டிதான்."

தாத்தா போன பிறகு, இந்தத் தையிலும் அவர் விடாமல் வைத்திருக்கிறார். தாங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நான் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உசிரோட இருக்கவருக்குப் படச்சிட்டமே, அண்ணனுக்கு ஆயுசு கொறஞ்சிருமா? கேட்டு எழுதும். இனிமே வைக்கவா, நிப்பாட்டவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கொள்ளி வைத்ததற்கும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

அந்தப் படையலில் என் அம்மாவுக்கு ஒன்றும் கிடையாது. இப்படி ஒரு மகள் பிறந்ததே தாத்தாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை. இதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

தங்கள் பதிலை அவர் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பாபநாசம்


சேரன்மகாதேவி
ஆடி 8 (1909 ஜூலை 23)

சிரஞ்சீவி பாபநாசத்துக்கு ஆசீர்வாதம். காய்ச்சல் வந்து போய்விட்டது. இப்போது எழுந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சாரல் அடிக்கிறது. நீ சுகமாக இரு.

தாது வருஷத்தில் வீடு பூட்டித்தான் கிடந்தது. அம்மா எங்களை அழைத்துக்கொண்டு களக்காட்டில் மாமன் வீட்டில் போய் இருந்தாள். ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பி வந்து நானே திறந்தேன். சொன்னவன் பொய் சொல்லவில்லை.

ஆனால் கேட்டவர் ஒரு கடிதம் போட்டிருக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் என்ன, எழுதிக் கொடுக்க அந்தத் தீவில் ஆள் இல்லையா? பூட்டைப் பார்த்தவன் சொன்னானாம், இவர் நம்பினாராம். நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனவர் என்பதற்காக மன்னிக்கிறவன் நான் இல்லை. இதை அந்தப் பையனிடம் சொல்ல வேண்டாம். அவன் அவரைத் தகப்பனாகப் பார்த்தவன்.

அவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். என் ஆயுசு குறையவில்லை. கொள்ளி வைத்ததற்கு மன்னிப்பு எதற்கு? பக்கத்தில் இருந்த மகன் வைத்தான். திதி அவனும் கொடுக்கட்டும், நானும் கொடுப்பேன். ஆனால் மூத்தவன் நான்தான் என்பதை அவன் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கச் சொல்.

உன் அம்மாவுக்குச் சொல்லாதே என்கிறாய். உன் கடிதத்தை அவளே எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டாள். அன்று கஞ்சியில் உப்பு போட மறந்துவிட்டாள். தனக்கென்று கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, நான் கேட்கிறேன். அடுத்த தையில் கைக்குழந்தைச் சட்டை ஒன்றும் வாங்கச் சொல். பெண் குழந்தைக்கு.

ஆச்சியின் சேலையை வழக்கம் போல விளக்குக்கு முன்னால் வைக்கட்டும். அது அவளுக்கு உரியது. என் வேட்டியையும் உன் அம்மாவின் சட்டையையும் மட்டும் விளக்குக்கு முன்னால் வைக்கக் கூடாது. உயிரோடு இருக்கிறவர்களுக்கு உள்ளதை அவர்கள் கையில்தான் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்பச் சொல். இத்தனை வருஷமும் வேட்டியை அவன் கட்டிக்கொண்டான், அதற்கு நான் கணக்குக் கேட்கவில்லை. இனி வருவது எனக்கு.

நான் கிழவன் என்று நீ சொல்லியிருப்பாய். அவன் பெரிய வேட்டியாக வாங்கிவிடப் போகிறான். வேண்டாம் என்று சொல். அப்பா எந்த அளவில் வாங்கினாரோ, அந்த அளவே வாங்கட்டும்.

இப்படிக்கு
மூத்தவன்
ஐயம்பெருமாள்